இரங்கூன் பேருந்துக்குக் கோடு போடுவது யார்?

மதுரையில் நகரமைப்பு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “யாங்கோனில் பேருந்துகளை அரசு ஓட்டுவதில்லை, தனியார்தான் ஓட்டுகிறார்கள் என்று படித்தேன். அப்படியானால் அங்கே போக்குவரத்து ஆணையம் என்று ஒன்று எதற்கு? ஊர் மக்களுக்கு, அதிலும் அங்கே இருக்கும் தமிழர்களுக்கு, அது என்ன செய்திருக்கிறது?”

நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்கு இருக்கும் தகுதி ஒன்றுதான். இங்கே ஒரு லைன் வண்டிச் சங்கத்தில் இருபது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதினேன். வண்டி ஓட்டத் தெரியாது, ஆனால் எதனால் ஓடுகிறது, எதனால் நிற்கிறது என்று தெரியும். பர்மாவின் இந்தப் பெரிய ஊருக்கு யாங்கோன் என்பதுதான் இப்போதைய பெயர். எங்கள் வாயில் இன்னும் இரங்கூன்தான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் படித்தது சரி. யாங்கோன் வட்டாரப் போக்குவரத்து ஆணையம் 2016-இல் அமைந்தது. வண்டிகள் பெரும்பாலும் கம்பெனிகளுடையவை. எந்தத் தெரு வழியாகப் போவது, எங்கே நிற்பது, என்ன எண், எவ்வளவு கட்டணம் என்று சொல்வது ஆணையம். வண்டி அவர்களுடையது, கோடு இவர்களுடையது. வண்டியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம், கோடு தப்பாக விழுந்தால் ஒரு பேட்டையே ஊரிலிருந்து அறுந்துபோகும் என்பது நான் கண்டது. இது புரிய வேண்டுமானால் 2017-க்கு முன்னால் இருந்ததைச் சொல்லியாக வேண்டும்.

அந்தக் காலத்து வண்டிக்கு ‘லைன்கா’ என்று பெயர். மேற்பார்வைக்கு ஒரு குழு இருந்தது. அதன் நீளமான பர்மியப் பெயரைச் சுருக்கி ‘மாத்தாதா’ என்போம். குழுவின் கீழ் சங்கங்கள், சங்கங்களின் கீழ் வண்டிச் சொந்தக்காரர்கள். ஒருவருக்கு ஒரு வண்டி இருக்கும், இன்னொருவருக்கு மூன்று. காலையில் வண்டியை டிரைவரிடம் விடுவார்கள். இரவு ‘ஓன்னா’ காசு கைக்கு வந்துவிட வேண்டும். ஓனர் என்ற இங்கிலீஷ் சொல்தான் பர்மிய வாயில் ஓன்னா ஆகிவிட்டது. ஓன்னா போக, டீசல் போக, மிச்சம் இருந்தால் அது டிரைவருக்கும் சப்பெயாவுக்கும். சப்பெயா என்றால் நம்மூர் கண்டக்டர்.

இந்தக் கணக்கை ஒரே ஒரு நாள் எழுதிப் பார்த்தால் போதும், இரங்கூன் தெருவில் நடந்த அத்தனைக்கும் காரணம் தெரிந்துவிடும். ஒரே எண் போட்ட இரண்டு வண்டிகள் ஏன் பந்தயம் ஓடின? முன்னால் போகிறவனுக்குத்தான் அடுத்த நிறுத்தத்தில் ஆள். டவுன் நடுவில் இருக்கும் சூலே பகோடா நிறுத்தத்தில் ஏன் கால் மணி நேரம் நின்றன? நிறையும் முன்னே கிளம்பினால் நஷ்டம். மழையில் ஒரே ஒரு கிழவர் கை காட்டினால் ஏன் நிற்காமல் போயின? ஒருவருக்காகப் பிரேக் போட்டால் பின்னால் வருகிறவன் முந்திவிடுவான். டிரைவர்கள் கெட்டவர்கள் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டே இருந்தன. நான் எழுதிய நோட்டில் ஓன்னாவுக்கு ஒரு கட்டம் உண்டு, டீசலுக்கு உண்டு, டயருக்கு உண்டு, போலீஸ் அபராதத்துக்கும் உண்டு. பயணிக்கு இல்லை. டிரைவரை மட்டும் திட்டி என்ன செய்ய?

வண்டிகளின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். யுத்த காலத்து செவர்லே லாரிக்கு மரக்கூண்டு கட்டிப் பேருந்தாக ஓட்டியவை இந்த நூற்றாண்டு பிறந்த பிறகும் ஓடின. பிறகு ஜப்பானில் ஓடித் தேய்ந்த பேருந்துகள் வந்தன. மேலே ஒட்டிய ஜப்பானிய எழுத்தை யாரும் அழிக்க மாட்டார்கள், அதுதான் நல்ல சரக்குக்கு முத்திரை. அதில் ஒரு வில்லங்கம். பர்மா 1970 டிசம்பர் 6-ஆம் தேதி இடப்பக்க ஓட்டத்தை விட்டு வலப்பக்கத்துக்கு மாறிய நாடு. ஜப்பானோ இடப்பக்கம் ஓட்டுகிற நாடு. அந்த வண்டியின் கதவு இடப்பக்கம் திறக்கும். இங்கே அது நடைபாதைப் பக்கம் இல்லை, நடுரோட்டுப் பக்கம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடும் வண்டிகளுக்கு நடுவே இறங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிறகுதான் வலப்பக்கம் தகட்டை வெட்டிக் கதவு வைத்தார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு சப்பெயாவைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லாவிட்டால் என் அம்மா மன்னிக்க மாட்டாள். அவளுக்குப் பர்மிய எழுத்து தெரியாது. லைன்கா நெற்றியில் இருந்த எண்ணோ பர்மிய எண். அவள் எண்ணைப் பார்த்து ஏறியவள் இல்லை, குரலைக் கேட்டு ஏறியவள். சப்பெயா வாசலில் தொங்கிக்கொண்டு போகிற ஊர்களையெல்லாம் ஒரே மூச்சில் பாட்டாகப் பாடுவான். ஒவ்வொரு நிறுத்தம் நெருங்கும்போதும் பெயரைச் சொல்லி “பாலா?” என்பான், இறங்க ஆள் உண்டா என்று. “பாடே” என்று யாராவது குரல் கொடுத்தால் நிற்கும். இல்லையென்றால் “ஸ்வே!”, அதாவது இழு. அம்மா அந்தப் “பாடே” ஒன்றை வைத்துக்கொண்டே பல வருஷம் ஊர் சுற்றினாள். சில சப்பெயாக்கள் அவளைக் ‘கலாமா’ என்பார்கள். இந்தியப் பெண் என்று அர்த்தம், சொல்கிற தொனியில் வசவாகவும் விழும். சிலர் ‘அமே’ என்பார்கள், அம்மா என்று. எப்படிக் கூப்பிட்டாலும் கூடையைக் கை கொடுத்து இறக்கிவிட்டுத்தான் “ஸ்வே” சொல்வார்கள்.

2017 ஜனவரி 16, திங்கட்கிழமை. அன்று காலை மாத்தாதா காலம் முடிந்து ‘யாங்கோன் பஸ் சர்வீஸ்’ தொடங்கியது. முந்நூறுக்கு மேற்பட்ட வழித்தடங்களை எழுபது சொச்சமாகச் சுருக்கினார்கள். பழைய எண்கள் ஒரே இரவில் செல்லாமல் போயின. முதல் சில நாள் ஊரே நிறுத்தத்தில் நின்றது. எந்த எண் எங்கே போகிறது என்று பயணிக்கும் தெரியவில்லை, பல டிரைவர்களுக்கும் தெரியவில்லை. நானும் எரிச்சலில் திட்டியவன்தான். இப்போது யோசித்தால், அதை மாதத்துக்குப் பத்துத் தடம் என்று மெதுவாகச் செய்திருக்க முடியாது என்றே தோன்றுகிறது. பாதித் தடத்தில் ஓன்னாவும் பாதித் தடத்தில் டிரைவருக்கு மாதச் சம்பளமும் இருந்தால் ஓன்னா வண்டி சம்பள வண்டியைத் தின்றுவிடும்.

மாற்றத்தின் உயிரே சம்பளம்தான். டிரைவருக்கு மாதச் சம்பளம் என்றால் ஒரு கிழவருக்காக நிற்பதில் அவனுக்கு நஷ்டம் இல்லை. புது வண்டி, குளிர்சாதனம், ஜி.பி.எஸ். எல்லாம் படம் எடுக்க நன்றாக இருக்கும். அவற்றுக்கும் கிழவருக்கும் சம்பந்தம் கிடையாது. உங்கள் ஆய்வில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் இடம் இருக்கிறது என்றால், டிரைவருக்கு எப்படிக் கூலி கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். எல்லாத் தடத்திலும் இது முழுசாக நடந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பழைய சொந்தக்காரர்கள் பலர் புதுக் கம்பெனிக்குள் பழைய பழக்கத்தோடே வந்து உட்கார்ந்தார்கள்.

சப்பெயா போய் அந்த இடத்தில் ஒரு பெட்டி வந்தது. தொடக்கத்தில் பெரும்பாலான தடங்களில் கட்டணம் 200 கியாட், கியாட் என்பது பர்மியப் பணம். பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும், பெட்டி சில்லறை தராது. கையில் 1000 கியாட் நோட்டு மட்டும் இருந்தால்? இங்கேதான் எங்கள் ஊர் ஜனங்கள் எந்த ஆணையமும் யோசிக்காத ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். நோட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றுகொள்வது. அடுத்து ஏறுகிறவர்களிடம் கையை நீட்டினால் அவர்கள் பெட்டியில் போட வேண்டியதை உங்கள் கையில் கொடுப்பார்கள். நாலு பேர் கொடுத்ததும் உங்கள் 800 திரும்பி வந்துவிடும், உள்ளே போய் உட்காரலாம். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். இரண்டு நிறுத்தத்துக்கு நீங்களே சப்பெயா. முன்பின் தெரியாதவன் கையில் தயங்காமல் காசு கொடுக்கிற ஜனம் இது.

பிறகு தட்டிப் போகிற அட்டை வந்தது. அட்டைக்குச் சுருக்கப் பெயர் YPS, பேருந்துச் சேவைக்கு YBS. இங்கிலீஷில் நடு எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். தமிழில் எழுதினால் இரண்டுமே ஒய்.பி.எஸ்.! வீட்டில் “ஒய்.பி.எஸ். எங்கே?” என்று கேட்டால் வண்டியைக் கேட்கிறார்களா அட்டையைக் கேட்கிறார்களா என்று தெரியாது.

அம்மாவுக்கு மட்டும் இந்த மாற்றம் சரிப்படவில்லை. குரல் போய்விட்டதே. பெட்டிக்கு வாய் இல்லை. அவள் நிறுத்தத்திலேயே யாராவது பள்ளிக்கூடப் பெண்ணைப் பிடித்துக்கொண்டு விசாரிப்பாள். அந்தப் பெண் ஏறுகிற வண்டியில்தான் ஏறுவாள், சில நாள் அது வேறு ஊருக்கும் போய்விடும். படிக்கத் தெரியாதவர், கண் மங்கியவர், கிராமத்திலிருந்து புதிதாக வந்தவர் எல்லாருக்கும் சப்பெயா ஒரு தகவல் நிலையமாக இருந்தார். அந்த வேலையை யாருக்கு மாற்றிக் கொடுப்பது என்று யோசிக்காமலே ஆளை எடுத்துவிட்டார்கள். ஆணையத்தின் மேல் எனக்குள்ள பெரிய குறை இதுதான்.

இனி கோட்டுக்கு வருகிறேன். இரங்கூனின் வடிவத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே லைங் ஆறு, தெற்கே இரங்கூன் ஆறு, கிழக்கே பசுண்டாங் ஓடையும் பெகு ஆறும். மூன்று பக்கமும் தண்ணீர். ஊரின் பழைய மையம் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. 1852-க்குப் பிறகு வெள்ளைக்காரன் கட்டம் போட்டு அளந்த தெருக்கள், நடுவில் சூலே பகோடா. வேலை, சந்தை, ஆஸ்பத்திரி எல்லாம் அங்கே. ஜனம் இருப்பதோ வடக்கிலும் கிழக்கிலும் ஆற்றுக்கு அந்தப் பக்கமும்.

எங்கள் ஜனத்தின் கதையும் இதே படத்தில்தான் இருக்கிறது. 1931 மக்கள்தொகைக் கணக்கில் இரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள். கொன்செடான் தெருவும் அனோரத்தா சாலையும் சேரும் மூலையில் 1871-இல் தமிழர் கட்டிய காளி கோயில் இன்றும் நிற்கிறது. பக்கத்திலேயே தெயின்ஜி சந்தை. அன்று கோயிலும் கடையும் வீடும் நடக்கிற தூரத்தில் இருந்தன. 1942-இல் ஜப்பான் படைக்கு அஞ்சி நடந்த ஓட்டமும், 1963-64-இல் அரசு கடைகளை எடுத்துக்கொண்ட தேசியமயமும் அதோடு லட்சக்கணக்கானவர்கள் கப்பலேறியதும் நீங்கள் படித்திருப்பீர்கள். உங்கள் மதுரையிலேயே பர்மாக்காரர்கள் இருப்பார்கள். மீதி இருந்தவர்களில் பலர் டவுனில் இல்லை. 1959-ஐ ஒட்டி ராணுவக் காபந்து அரசு குடிசைகளைப் பெயர்த்து தக்கேத்தா, வடக்கு ஒக்கலாப்பா, தெற்கு ஒக்கலாப்பா என்று புதுப் பேட்டைகளை உண்டாக்கியது. 1988 கலவரத்துக்குப் பிறகு வந்த ராணுவம் லைங்தாயா, ஷ்வேபீத்தா, புது டகோன் என்று இன்னும் தூரத்துக்குத் தள்ளியது. குடியிருப்பை மாற்ற ஓர் உத்தரவு போதும். வேலை டவுனிலேயே இருந்துவிட்டது, கோயிலும் அங்கேயே. நடந்து போய்க் கும்பிட்ட காளியம்மனைப் பார்க்க இரண்டு வண்டி மாற வேண்டியதாயிற்று.

இதனால்தான் கோடு பெரிது என்கிறேன். பழைய லைன்கா ஒவ்வொன்றும் எப்படியாவது சூலேயைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பும், அங்கேதான் ஆள் அதிகம். பேட்டையின் கடைசித் தெருவுக்கு அரை வண்டி ஆள்கூடக் கிடைக்காது, ஆகவே போகாது. புதிய வரைபடம் இதைத் திருத்தப் பார்த்தது: வடக்கு தெற்காகப் பெரிய தடங்கள், அவற்றுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் சிறிய தடங்கள். தாளில் அழகு. கஷ்டம் வண்டி மாறும் இடத்தில். காசாகக் கொடுப்பவருக்கு ஏறும் ஒவ்வொரு வண்டிக்கும் தனிக் கட்டணம். முன்பு ஒரே வண்டியில் தூங்கிக்கொண்டு போனவர் இப்போது இரண்டு தடவை கொடுக்கிறார், நடுவில் வெயிலில் நிற்கிறார். முதல் வண்டிக்குக் கொடுத்த காசு இரண்டாவது வண்டிக்கும் செல்லும் என்று ஒரு விதி எல்லாருக்கும் இருந்திருந்தால் புதிய வண்டிகளில் பாதியை வாங்காமலே இருந்திருக்கலாம்.

இன்னும் ஒரு விஷயம் உங்களுக்கு வியப்பாக இருக்கும். யாங்கோனில் 2003-லிருந்து மோட்டார் சைக்கிளுக்குத் தடை. உங்கள் ஊரில் பஸ் வராவிட்டால் யாராவது பைக்கில் கொண்டுபோய் விடுவார்கள். இங்கே அந்த வழி அடைபட்டது. நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குச் சைக்கா இருக்கிறது. சைக்கிளுக்குப் பக்கத்தில் இருக்கை கட்டி, இரண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டி உட்காரும் வண்டி. காசு உள்ளவருக்கு டாக்ஸி. மற்றவர்களுக்குப் பேருந்துதான், வேறு வழியே இல்லை.

ஆணையத்தின் கோடு எங்கே எட்டவில்லை என்று பார்க்க ‘ஃபெரி’யைப் பாருங்கள். இங்கே அந்தச் சொல்லைக் கேட்டதும் படகைத் தேடாதீர்கள். கம்பெனியோ பள்ளிக்கூடமோ ஆளை ஏற்றி இறக்க வாடகைக்குப் பிடிக்கும் வண்டிக்கு அதுதான் பெயர். லைங்தாயாவின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் பெண்கள். ஓவர்டைம் முடிந்து இருட்டில் வெளியே வருகிற பெண்ணுக்கு முக்கியமானது அடுத்த பேருந்து எத்தனை நிமிஷத்தில் என்பது இல்லை, கடைசிப் பேருந்து போய்விட்டதா என்பது. போய்விட்டிருந்தால் ஃபெரிதான் அவளை வீட்டுக்குக் கொண்டுசேர்க்கும். ஃபெரி இல்லாத சின்னத் தொழிற்சாலை என்றால் அதுவும் இல்லை.

ரயிலைப் பற்றி இரண்டு வார்த்தை. இரங்கூனைச் சுற்றி 45.9 கிலோமீட்டருக்கு ஒரு வட்டப் பாதை, 39 நிலையங்கள். ஊர் ரயிலின் தொடக்கம் 1877-இல் வடக்கே பியே ஊர் வரை போட்ட பாதை, வட்டம் முழுமையானது 1950-களில். முழுச் சுற்றுக்கு நெடுங்காலம் மூன்று மணி நேரம் ஆனது. ஜப்பான் உதவியோடு அதைக் குறைக்கும் வேலை நடந்தது. பர்மிய மொழியில் ரயிலுக்கு ‘யத்தா’. பாலி மொழியின் ரதம்தான் அப்படி ஆயிற்று, நம் கோயில் தேருக்கு உறவு! இதை அறிந்த நாளிலிருந்து அந்த ரயில் அவ்வளவு மெதுவாக ஊர்வதை நான் குறை சொல்வதில்லை. பேருந்து ஏற்ற மறுத்ததையெல்லாம் இந்தத் தேர் சுமந்தது. டன்யின்கோன் நிலையத்தின் பக்கத்திலேயே காய்கறிச் சந்தை. கீரைக்கட்டு, வெற்றிலை, பூ என்று மூட்டை மூட்டையாகப் பெட்டிக்குள் ஏறும். என் பெரியம்மா கோயிலுக்கு மாலை கட்ட அங்கேதான் பூ வாங்குவாள். கூடைக்குத் தனிக் காசு கேட்டு எந்தச் சப்பெயாவும் அவளோடு சண்டை போடவில்லை. திரும்பி வரும் வழியிலேயே பாதி மாலை கட்டி முடித்துவிடுவாள், மூன்று மணி நேரம் அவளுக்கு நஷ்டமே இல்லை.

தமிழர்களுக்கு என்று ஆணையம் என்ன செய்தது என்றும் கேட்டீர்கள். தனியாக ஒன்றும் செய்யவில்லை. வண்டியில் தமிழ் அறிவிப்பு கிடையாது, நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை. எங்களுக்குக் கிடைப்பது பொதுக் கோட்டில் எங்கள் இடங்களும் விழுந்தால்தான். சிரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள், இப்போது தன்லின். அந்தப் பக்கம் முனீஸ்வரர் கோயில் உண்டு, தீமிதிக்குத் தமிழ்ச் சனம் எங்கிருந்தெல்லாமோ வரும். என் சிறுவயதில் அங்கே போவதென்றால் படகுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். 1993-இல் நடுவில் தண்டவாளமும் இரு பக்கம் சாலையுமாகப் பாலம் வந்தது, பேருந்தே கோயில் பக்கம் போகத் தொடங்கியது. திருவிழாவுக்கு என்று ஆணையம் ஒன்றும் செய்யாவிட்டாலும், அன்றாடம் ஓடுகிற தடமே எங்களைக் கொண்டுசேர்த்தது. டவுனுக்கு நேர் எதிர்க்கரையில் இருக்கும் டல்லாவுக்கோ நெடுங்காலம் பான்சோடான் துறையில் படகுதான். கண்ணுக்கு எதிரே தெரிகிற ஊர், ஆனால் படகு நின்றுவிட்டால் வெகு தூரம்.

2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு வந்த நிலையை நீட்டி எழுத மாட்டேன். எரிபொருள் விலை, மின்வெட்டு, இருட்டினால் வெளியே வர அஞ்சும் ஜனம். வண்டிகள் குறைந்தன, காத்திருப்பு கூடியது. இவ்வளவு போதும்.

நேரில் வந்து பார்க்க ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். வாருங்கள் தம்பி, வீட்டில் தங்கலாம். சித்திரை முதல் தேதியை ஒட்டி மட்டும் வராதீர்கள். அது எங்களுக்குப் புத்தாண்டு, பர்மியருக்குத் திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா. ஊரே தண்ணீர் ஊற்றி விளையாடும், டிரைவர்கள் சொந்த ஊர் போய்விடுவார்கள், பேருந்துகள் அநேகமாக எல்லாமே நின்றுவிடும். வருஷத்தில் நாங்கள் கட்டாயம் கோயிலுக்குப் போக வேண்டிய அதே நாளில்தான் ஊரில் வண்டி இருக்காது. போன தடவை ஒக்கலாப்பாவிலிருந்து காளி கோயிலுக்கு நடந்தே போனேன். வழியெல்லாம் குழாயால் பீய்ச்சினார்கள். அர்ச்சனைத் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்ததில் பூ மட்டும் நனையவில்லை.